மெஷின் வாங்கியாச்சு... அப்புறம்?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். கொஞ்சம் நிலமோ தோப்போ இருக்கிற வீடாகப் பார்த்து மாட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். மூலையில் ஒரு பெட்ரோல் மெஷின் யூரியா சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். புல் வெட்டுகிற பிரஷ் கட்டர், களை எடுக்கிற பவர் வீடர், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், இல்லாவிட்டால் 2012 மின்வெட்டு சமயத்தில் அடித்துப் பிடித்து வாங்கிய சின்ன ஜெனரேட்டர். "ஓடுதுங்களா?" என்று கேட்டால், "நல்ல மெஷின்தான் தம்பி, இப்பதான் கொஞ்சம் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்பார்கள். இந்த "இப்ப" என்பது குறைந்தது ஒன்றரை வருஷம்.

அரசாங்கத்தைத் திட்டுகிறோம், ஆள் கிடைக்கவில்லை என்று திட்டுகிறோம், மழையைத் திட்டுகிறோம். இந்தச் சாக்கு மூட்டையை மட்டும் யாரும் திட்டுவதில்லை. இன்று அதைத்தான் திட்டப்போகிறேன்.

என் கட்சி இதுதான். வருஷத்துக்கு இருபது மணி நேரம்கூட ஓட்டாத வீட்டுக்கு சொந்தமாக ஒரு பெட்ரோல் மெஷின் சுத்த தண்டம். காசு போகிறது என்பது பாதிதான். மீதிப் பாதி, அவசரத்துக்கு அது ஓடவும் ஓடாது. ஓட்டி ஓட்டித் தேய்ந்து செத்த மெஷின் எங்கள் ஊரில் ரொம்பக் குறைவு. ஓட்டாமல் விட்டே செத்தவைதான் அதிகம்.

முதலில் காசுக் கணக்கு. பி.காமில் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் இயந்திர மணி வீதம் என்று ஒரு கணக்கு வரும். ஒரு மெஷினை ஒரு மணி நேரம் ஓட்ட மொத்தத்தில் என்ன செலவு என்று போடுவது. என் வகுப்பு நண்பர்கள் அதை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். (மக்களே, உங்களைத்தான்!) அதைக் கொஞ்சம் கொட்டகைப் பக்கம் கொண்டுபோவோம்.

பிரஷ் கட்டர் விலை 12,000 ரூபாய், ஆயுள் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குத் தேய்மானம் 2,400. இருபது மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 120 ரூபாய். பிளக், ஃபில்டர், கயிறு, மெக்கானிக் கூலி என்று வருஷத்துக்கு ஆயிரம் போட்டால் மணிக்கு 50. பெட்ரோல் மணிக்கு முக்கால் லிட்டர் என்றாலும் 75 ரூபாய்க்குக் குறையாது. ஆகமொத்தம் 245. இதில் ஓட்டுகிற ஆளுக்குக் கூலி சேரவில்லை. அதே மெஷினை வருஷத்துக்கு நூறு மணி நேரம் ஓட்டுங்கள். தேய்மானம் மணிக்கு 24 ஆகிவிடும். பராமரிப்பு 1,500 ஆனாலும் மணிக்கு 15தான். பெட்ரோலோடு சேர்த்து 114. மெஷின் ஒன்றுதான், கடை ஒன்றுதான், பாதிக்கும் கீழே செலவு வந்துவிட்டது. உங்கள் ஊரில் மெஷினோடு ஆள் வந்து வெட்டிக்கொடுக்க மணிக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, இந்த 245-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"அதான் மானியம் இருக்கே" என்று ஒரு குரல் வரும், தெரியும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் என்று மத்திய அரசு 2014-15-ல் ஆரம்பித்தது. வேளாண் பொறியியல் துறை வழியாக வருகிற இதில் பொதுவாக சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மானியம் குறைப்பது மேலே சொன்ன கணக்கில் முதல் வரியை மட்டும். 120 என்பது 60 ஆகும். மற்ற இரண்டு வரியும் அப்படியே நிற்கும். மானியம் வந்து கார்ப்பரேட்டரைக் கழுவித் தராது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிச் சும்மா போட்டால், அது பாதி விலைத் தண்டம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, சும்மா கிடந்தால் ஏன் கெடுகிறது என்பது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. "ஓட்டவே இல்லையேப்பா, புதுசு மாதிரி வெச்சிருக்கேன்" என்கிறார்கள். அய்யா, அதுதான் பிரச்சினையே!

பெட்ரோல் ஊறுகாய் மாதிரி வைக்க வைக்க நன்றாக ஆகிற சாமான் இல்லை. டேங்கில் ஒரு மாதம் கிடந்தாலே அதன் சுலபமாக எரிகிற பகுதி ஆவியாக ஆரம்பித்துவிடும். மிச்சம் கார்ப்பரேட்டருக்குள் பிசின் மாதிரி படியும். சின்ன எஞ்சினின் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகிற ஓட்டை குண்டூசி முனை அளவுதான். அதில் பிசின் ஒட்டினால் கயிற்றை நூறு தடவை இழுத்தாலும் தோள்பட்டைதான் கழன்று வரும்.

இது பழைய கதை. புதிய கதை எத்தனால். நாட்டில் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பது 2022-ல் எட்டப்பட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து 2025-லேயே எட்டியாயிற்று. நம் பக்கத்து பங்கில் வண்டிக்குப் போடுவதும் மெஷினுக்குப் போடுவதும் அந்த ஒரே பெட்ரோல்தான். எத்தனாலுக்கு ஒரு குணம், காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஓடுகிற பைக்கில் இது பெரிய விஷயமில்லை, டேங்க் வாரத்துக்கு ஒரு தரம் காலியாகி நிரம்புகிறது. ஆறு மாதம் கொட்டகையில் கிடக்கிற மெஷினில்? அதுவும் மரக்காணம் பக்கத்துக் கடல் காற்றில்? உறிஞ்சிய தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்குக்கு அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற இரண்டு ஸ்ட்ரோக் மெஷினாக இருந்தால் இன்னும் மோசம். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், கீழே இருந்து ஆயில் இல்லாத சரக்கு போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பல கம்பெனிகளின் சின்ன எஞ்சின் கையேடுகளில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்? படித்தாலும் வேறு பெட்ரோலுக்கு எங்கே போவது?

இதில் ஒரு வேடிக்கை. அந்த எத்தனால் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது, கரும்பிலிருந்தும் வருகிறது. விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பேர் போனது. கரும்புக் கொல்லையில் களை எடுக்க வாங்கிய பவர் வீடர், கரும்புச் சரக்காலேயே நின்றுபோகிறது!

வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனால் பற்றி இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். மைலேஜ் போச்சு, ரப்பர் போச்சு என்று. அவர்கள் கத்தல் டிவி வரைக்கும் கேட்கிறது. கொட்டகை மெஷின்காரன் கத்தினால் "உங்க மெயின்டெனன்ஸ் சரியில்லைங்க" என்று கடைக்காரர் கதவைச் சாத்துகிறார். விற்கிற அன்று இதில் ஒரு வார்த்தை சொன்னாரா? எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சொன்னது, "பெட்ரோல ஊத்துங்க, கயித்த இழுங்க, அவ்ளோதான்". பில்லில் கையெழுத்து வாங்க இரண்டு நிமிஷம் செலவழித்தவருக்கு, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி பண்ணுங்கள் என்று சொல்ல அரை நிமிஷம் இல்லை.

இதெல்லாம் புல் வெட்டுகிற விஷயம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஃபெஞ்சல் புயலை ஞாபகப்படுத்துகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் கரண்ட் போனது போனதுதான். தெருவில் மூன்று வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. இரண்டு, 2012-ல் வாங்கி சாக்கு போர்த்திய வகை. மூன்றாவது, கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிற அண்ணனுடையது. மூன்றிலும் பழசு அதுதான், பெயிண்ட் எல்லாம் போய் டின் மாதிரி இருக்கும். ஸ்டார்ட் ஆனது அது ஒன்றுதான்! முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிற மெஷின், ஏன் ஸ்டார்ட் ஆகாது? எதிர்வீட்டு ஆயாவுக்கு மூச்சு இழுப்புக்கு நெபுலைசர் வைக்க வேண்டும். ஆயாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அந்த அண்ணன் வீட்டுத் திண்ணைக்குத்தான் போனோம். சாக்கு போர்த்திய இரண்டு மெஷினும் ஆயாவின் பக்கத்து வீடுகளில்தான் இருந்தன.

(ஜெனரேட்டர் என்றதும் ஒன்று. மழை பெய்கிறது என்று வீட்டுக்குள்ளே, வராண்டாவுக்குள்ளே வைத்து ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.)

சரி, "எல்லாரும் வாடகைக்கு எடுத்தா சமயத்துக்குக் கிடைக்குமா?" என்பது நியாயமான கேள்வி. இதை லேசாகத் தள்ள முடியாது. நம் பக்கம் மணிலா போடுகிறோம். (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை. டிஎம்வி என்று ஆரம்பிக்கிற ரகங்கள் எல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் வந்தவை, அந்தப் பெயரிலேயே எங்கள் ஊர் இருக்கிறது.) மணிலாவுக்கு இருபது, இருபத்தைந்து நாளில் ஒரு களை, நாற்பது, நாற்பத்தைந்து நாளில் இன்னொரு களை. அதற்கப்புறம் விழுது மண்ணில் இறங்கிவிடும், கொத்தவே கூடாது. ஒரே மழைக்கு ஊரே விதைத்தால் ஊருக்கே ஒரே வாரத்தில் மெஷின் வேண்டும். வாடகைக்காரர் ஒருவர்தான் என்றால் நம் முறை வரும்போது களை இடுப்பளவு நிற்கும்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதில் வீட்டுக்கு ஒரு மெஷினா? பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கட்டுமே. இருபது மணி நேரம் எண்பது ஆகும், நாலு நாளில் நாலு பேர் களையும் முடியும். "பங்காளிகளா? சேர்ந்தா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. போர் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள், கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிறார்கள், ஏலச்சீட்டு நடத்துகிறார்கள். மெஷினுக்கு மட்டும் முறை வைக்க வராதா? ஒரு நிபந்தனை, ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட வேண்டும். எல்லாருக்கும் சொந்தமென்றால் ஆயிலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்படியும் வாங்கித்தான் ஆவேன் என்பவர்களுக்கு. சிசி, ஹெச்பி என்று கடைக்காரர் சொல்கிற நம்பரையெல்லாம் கேட்டுத் தலையாட்டுங்கள், பரவாயில்லை. காசைக் கொடுக்கும் முன்னால் ஒன்று கேளுங்கள்: "இதுக்கு கார்ப்பரேட்டர் டயஃப்ரம், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் இப்ப கடையில இருக்கா? எடுத்துக் காட்டுங்க." எடுத்துக் காட்டினால் வாங்கலாம். "ஆர்டர் பண்ணா வந்துரும்" என்றால் நடையைக் கட்டுங்கள். பேர் தெரியாத மெஷினை ஆன்லைனில் மூவாயிரம் கம்மியாக வாங்கி, இருநூறு ரூபாய் டயஃப்ரம் கிடைக்காமல் பழைய இரும்புக்குப் போட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு.

இரண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா? நான் நாலு பக்கம். இரண்டு ஸ்ட்ரோக் எடை குறைவு, விலை குறைவு, சாய்த்து எப்படியும் பிடிக்கலாம், எல்லாம் சரி. ஆனால் லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்று ஆயிலை அளந்து கலக்க வேண்டும். டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டிய தலைமுறைக்கு அது தண்ணி பட்ட பாடு, பங்கிலேயே டூ-டி ஆயில் அடித்துக் கொடுப்பார்கள். எக்ஸ்எல் 100, 2015-ல் நாலு ஸ்ட்ரோக்கில் வந்ததோடு அந்தப் பழக்கமும் போயிற்று. இரண்டு ஸ்ட்ரோக் காதுக்குப் பழகிய மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கண் திட்டத்துக்கு ஆயிலை ஊற்றினால் ஒன்று புகை, இல்லாவிட்டால் பிஸ்டன். நாலு ஸ்ட்ரோக்கிலும் ஒரு கண்டம் உண்டு. 35 சிசி எஞ்சினுக்கு ஆயிலே மொத்தம் 100 மில்லிதான், ஒரு டீ கிளாஸ். அதில் கால்வாசி குறைந்தாலும் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணும் முன்னால் பார்க்க வேண்டும். பவர் வீடர் மாதிரி பெரியதென்றால் முதல் இருபது மணி நேரத்தில் ஒரு ஆயில் மாற்று, அப்புறம் நூறு மணிக்கு ஒன்று. ஏர் ஃபில்டரை நம் செம்மண் புழுதியில் ஓட்டிய அன்றைக்கே தட்டிவிடுங்கள். பிளேடு போட்டு வெட்டும்போது கல் தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். பேட்டரி மெஷின் பற்றிக் கேட்பீர்கள். வீட்டு முற்றத்துக்குப் போதும், கொல்லைக்குப் பத்தாது, இன்றைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பி.கு: கொட்டகையில் ஏற்கெனவே ஒன்று தூங்குகிறது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீர். அதைக் கீழே கொட்டாமல், அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாமல், பாட்டிலோடு மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள். புதிதாக அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஓடினால், வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு அது தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ஓடாவிட்டால், விற்கிற விலைக்கு விற்றுவிட்டு அந்த மைக் செட் அண்ணன் மாதிரி யாராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று பாருங்கள்.