அந்த ‘டொய்ங்’குக்கு யார் பொறுப்பு?

மாமியார் திரும்பிப் பார்க்கிறார். டொய்ங். அதே முகம் இன்னும் ரெண்டு தடவை, இன்னும் ரெண்டு டொய்ங். மீம் போட்டுச் சிரித்தாகிவிட்டது. சீரியல் இசை என்றாலே குப்பை என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஆனால் தண்டனை தப்பான ஆளுக்குப் போகிறது என்கிறேன்.

தினசரித் தொடரில் ஒவ்வொரு காட்சியையும் பார்த்துப் பார்த்து இசையமைக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் பெரும்பாலும் துண்டுத்துண்டாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சோகத்துக்கு ரெண்டு, சதிக்கு மூணு, பாசத்துக்கு ஒரு புல்லாங்குழல். எங்கே எதை ஒட்டுவது என்பது எடிட்டிங் மேசையில், ஒளிபரப்பு நெருக்கடியில் முடிவாகிறது. இசையமைப்பாளர் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

“அதான் சார் பிரச்சினை, ரெடிமேட் இசை” என்பீர்கள். இல்லை. 1990இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இருண்ட காடு, மரத்துக்குப் பின்னாலிருந்து வரும் பெண் என்று டேவிட் லிஞ்ச் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஏஞ்சலோ படாலமென்டி கீபோர்டில் வாசித்ததுதான் லாரா பாமரின் இசை. தொடர் முழுக்க அதே இசை திரும்பத் திரும்ப வருகிறது. யாருக்கும் சலிக்கவில்லை. எங்கே போடக் கூடாது என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

‘செர்னோபில்’ தொடருக்காக ஹில்டுர் குட்னடோட்டிர் லித்துவேனியாவில் மூடப்பட்ட அணுமின் நிலையத்துக்குள்ளேயே போய் ஒலிகளைப் பதிவுசெய்தார். மொத்தம் ஐந்தே எபிசோட். அந்த வசதியை நம்மூர் ஆளிடம் கேட்பது அநியாயம். ஆனால் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ தலைப்புப் பாடல்களைத் தினா போட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் வாயில் நிற்கின்றன. இமான் சின்னத்திரையில் தொடங்கியவர்தான்.

இங்கே பஞ்சம் மௌனத்துக்கு. கேட்டால், “அம்மா சமையலறையில் இருப்பாங்க, சத்தம் நின்னா சேனல் மாறிடும்” என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அரை மணி நேரத் தொடரை, தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே, வருஷக்கணக்கில் காதாலேயே பின்தொடர்கிற ஒருவரைவிடக் கூர்மையான ரசிகர் யார்? வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. அந்தக் காதுகளை மந்தம் என்று முடிவுகட்டியவர்கள்தான் டொய்ங்குக்குப் பொறுப்பு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பியானோவுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அம்மா தினமும் கேட்கும் இசையைப் பற்றி ஒரு வரி எழுதாத நமக்கும் அதில் பங்குண்டு.

ஒரே ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். மகள் வீட்டைவிட்டுப் போகும் காட்சியில் வயலினை நிறுத்திவிட்டு, கேட் சாத்தும் சத்தத்தை மட்டும் விடுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அம்மா ஹாலுக்கு வருவார்.