தங்கும் விடுதியில் இரண்டு இரவுகளும் ஒரு புகார்த் தாளும்



சென்ற புரட்டாசியில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்காகத் தலைநகருக்குச் செல்ல நேர்ந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் தைப்பிங்கில் இரயில் ஏறி, இரவு கே.எல். சென்ட்ரலில் இறங்கினேன். பிரிக்பீல்ட்சில் மூன்று விண்மீன் தகுதி பெற்ற ஒரு தங்கும் விடுதியில் இரண்டு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தேன். விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பயனில்லை. அதே தெருவில் அதைப் போன்று இன்னும் நான்கு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான்.

முன்பெல்லாம் எங்கள் ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் விடுதியைப் பற்றி நினைத்தே பார்க்க மாட்டார்கள். உறவினர் வீடுதான். எனக்கு ஒரு மாமா இரயில்வேயில் வேலை செய்தார். பிரிக்பீல்ட்சில் ‘நூறு வீடு’ என்று சொல்லப்பட்ட இரயில்வே குடியிருப்பில் இருந்தார். பள்ளி விடுமுறைகளில் அந்த வீட்டின் முன்கூடத்தில் பாயை விரித்து ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுத்திருப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட அந்த வீடுகள் இப்போது இல்லை, இடித்து விட்டார்கள். மாமாவும் இல்லை. ஆகவே 168 வெள்ளி கொடுத்துத்தான் பிரிக்பீல்ட்சில் தூங்க வேண்டியிருக்கிறது.

அந்த 168 வெள்ளி என்பது இணையத்தில் காட்டிய விலை. முகப்பிடத்தில் கட்டணச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 200 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. சேவை வரி 8 விழுக்காடு. இந்த வரி 2024 மார்ச் முதல் நாளன்று 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. அஃது அரசாங்கத்துக்குப் போகிறது. அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் வரியே அன்று. பலர் அதையும் வரி என்றே எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நானும் அன்றிரவு அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. பசி.

எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியர் நின்றிருந்தார்கள். ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா என்று என்னிடம் கேட்டார் அந்தப் பெரியவர். “இல்லை ஐயா, அது சுற்றுலா வரி. 2017 முதல் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு மட்டும்தான், எங்களுக்குக் கிடையாது” என்று விளக்கினேன். “அப்போ நீங்க இந்த ஊர்க்காரரா? தமிழ் நல்லா பேசறீங்களே!” என்றார். (இந்தப் பாராட்டைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.)

விடுதியின் முகப்புக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளிங்குத் தரை. ஆள் உயரப் பூச்சாடி. எலுமிச்சைப் புல் வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. மின்தூக்கியில் நான்காம் மாடிக்குப் பதிலாக ‘3ஏ’. ஏழாவது மாடியில் கதவு திறந்தவுடன் அந்த எலுமிச்சைப் புல் முடிந்துபோனது. தரைவிரிப்பில் ஈர வாடை. என் அறைக் கதவைத் திறந்தால் வெண்சுருட்டு நாற்றம்!

கதவில் ‘புகைபிடிக்கக் கூடாத அறை’ என்று எழுதியிருக்கிறது. மேசையின்மேல் ‘மீறினால் 250 வெள்ளி அபராதம்’ என்ற அட்டை. பக்கத்திலேயே டுரியானையும் மங்குஸ்தீனையும் கொண்டு வரக்கூடாது என்று இன்னோர் அட்டை. டுரியான் மணத்துக்காக, மங்குஸ்தீன், அதன் தோல் சாறு வெள்ளைப் படுக்கை விரிப்பில் பட்டால் போகாது என்பதற்காக. மேற்கூரையில் கிப்லாட் திசையைக் காட்டும் அம்பு. எல்லா எச்சரிக்கைகளும் எல்லா வழிகாட்டல்களும் முறையாக இருந்தன. நல்ல காற்று மட்டும் இல்லை. சன்னலைத் திறக்கலாம் என்றால் அது திறக்காத கண்ணாடி. திரையை விலக்கினால் மூன்றடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டால் நாற்றம் குளிர்ச்சியாக வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

குளியலறையில் ஒரு நீளமான தலைமுடி. துண்டின் ஓரத்தில் மங்கிய பழுப்புக் கறை. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், தண்ணீர் நன்றாக வந்தது. வெந்நீர் உடனே வந்தது. மெத்தை என் வீட்டு மெத்தையைவிட நன்று. நடுத்தர விடுதி என்றால் இப்படித்தான் என்று நினைக்கிறேன். மிக மலிவான விடுதியில் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஐந்து விண்மீன் விடுதியில் எதுவும் குறைவதில்லை (குறைந்தாலும் சொல்வதற்கு நமக்குக் கூச்சம்). இந்த நடுத்தரத்தில்தான், கொடுத்த பணத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்பது நமக்கும் தெரிவதில்லை, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை. நம் நாட்டில் சுற்றுலா அமைச்சு விண்மீன் தகுதி தருகிறது. அந்த அளவை எட்டாத விடுதிகளுக்கு ஆர்க்கிட் மலர்த் தகுதி. அந்த விண்மீன்கள் முகப்பிடத்துக்குப் பின்னால் பித்தளைத் தகட்டில் மின்னின. ஏழாவது மாடியின் சன்னலுக்கு எத்தனை விண்மீன் என்று யாரும் எழுதி மாட்டுவதில்லை.

முகப்பிடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அறை மாற்ற இயலாது, எல்லாம் நிறைந்துவிட்டது என்றார்கள். ஒரு பையன் வந்து வாசனைத் தெளிப்பானை அடித்துவிட்டுப் போனான். பிறகு வெண்சுருட்டும் எலுமிச்சைப் புல்லும் கலந்த ஒரு புது நாற்றத்தில் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் பசியாறப் போனேன். புரட்டாசிச் சனி, நான் சைவம். நாசி லெமாக், மீ கோரெங், வறுத்த மீஹூன், கோழி சோசேஜ், அவித்த முட்டை, டின் அவரை, ரொட்டி என்று வரிசையாக இருந்தன. சம்பலில் நெத்திலி கண்ணுக்குத் தெரிகிறது, தவிர்த்துவிடலாம். ஆனால் மீஹூனில் பெலாச்சான் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டால் பரிமாறுகிற நேபாள இளைஞருக்குத் தெரியவில்லை. சமையற்கட்டில் கேட்டுவிட்டு வந்து, “கொஞ்சம்தான்” என்றார்! பிரிக்பீல்ட்சில், வாசலில் இறங்கினால் பத்துச் சைவக் கடைகள் இருக்கும் ஊரில், புரட்டாசிச் சனிக்கிழமையில், ரொட்டியும் டின் அவரையும் தின்றுவிட்டு எழுந்தேன். ஒவ்வோர் உணவுக்கும் முன்னால் பெயரட்டை வைக்கிறார்கள். அதில் ஒரு சிறிய பச்சைப் புள்ளி வைக்க எவ்வளவு செலவாகும்?

அந்த எரிச்சலோடுதான் புகார்த் தாளை எடுத்தேன். மேசை இழுப்பறையில் இருந்தது. ‘அறையின் தூய்மை’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டேன். கீழே, வெண்சுருட்டு நாற்றம், குளியலறையில் தலைமுடி, துண்டில் கறை என்று மூன்றையும் எழுதினேன். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திப் பழகிய கை. குற்றம் கண்டால் விடாது. சன்னலைப் பற்றியும் பெலாச்சானைப் பற்றியும் எழுதக் கட்டமே இல்லை. ‘கட்டடத்தின் அமைப்பு’ என்றோ ‘நிருவாகம்’ என்றோ மதிப்பெண் போட இடமில்லை. அந்தத் தாளில் இருந்தவை ஐந்தே: முகப்பிட ஊழியரின் பணிவு, அறையின் தூய்மை, உணவின் சுவை, பரிமாறியவரின் பணிவு, மீண்டும் வருவீர்களா. இதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன்.

மாலையில் திரும்பி வந்தபோது மேசையின்மேல் ஒரு கடித உறை. வருத்தம் தெரிவித்து, அடுத்த முறை தங்குவதற்கு 20 விழுக்காட்டுக் கழிவுச் சீட்டு. நன்று, எழுதினால் பயன் இருக்கிறது என்று எண்ணிக் கொண்டேன்.

ஞாயிறு காலை பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் ஓசை. சீருடை அணிந்த ஓர் அம்மா. நாற்பது வயது இருக்கலாம். பின்னால் துண்டுகளும் விரிப்புகளும் அடுக்கிய தள்ளுவண்டி.

“சார், நேத்து நீங்கதானே தாள் எழுதிக் கொடுத்தீங்க?”

ஆமென்றேன்.

“கோவிச்சுக்காதீங்க சார். அந்த முடி என் தப்புதான். பாக்காம விட்டுட்டேன். ஆனா சிக்கிரெட் வாசம் நான் எப்படி சார் போக்குறது? அது திரையில இருக்கு, ஏர்கோன்ல இருக்கு. முந்தின நாள் தங்குனவங்க குடிச்சாங்கன்னு நான் கீழ சொன்னேன். அவங்ககிட்ட பைன் கேட்டா இனிமே வரமாட்டாங்கன்னு விட்டுட்டாங்க. துண்டு வெளிய துவைச்சு வருது.”

அவர் சண்டைக்கு வரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினாறு அறைகளாம். எட்டு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் அறைக்கு முப்பது நிமிடம். அதற்குள் விரிப்பை மாற்றிக் குளியலறையைத் தேய்த்துத் தூசி துடைத்துக் குப்பையைக் கட்டி அடுத்த கதவுக்குத் தள்ளுவண்டியைத் தள்ள வேண்டும். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இதிலேயே நேரம் திருட வேண்டும். அவர் அந்த விடுதியின் ஊழியரும் அல்லர். துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு எடுத்த வேறொரு நிறுவனத்தின் ஆள். சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் எதுவோ அதுவேதான். அதற்குமேல் மாதம் நூறு வெள்ளி அலவன்ஸ். “தூய்மை சரியில்லன்னு தாள் வந்தா அந்த மாசம் நூறு வெள்ளி கிடையாது சார்” என்றார்.

நான் கேட்டேன்: “சேவைக் கட்டணம் என்று பத்து விழுக்காடு வாங்குகிறார்களே அம்மா, அதில் உங்களுக்குப் பங்கு வருவதில்லையா?”

“அது ஹோட்டல் ஆளுங்களுக்கு சார். நாங்க குத்தகை ஆளு.”

இரண்டு இரவுகளுக்கு நான் கொடுத்த சேவைக் கட்டணம் 33 வெள்ளி 60 காசு. நான் தங்கிய இரண்டு நாளும் எனக்கு யார் சேவை செய்தார்கள்? முகப்பிடத்தில் ஐந்து நிமிடம் பேசியவர் ஒருவர். பெலாச்சான் கேட்டுவந்த இளைஞர் ஒருவர். என் படுக்கையை விரித்து என் கழிப்பறையைத் தேய்த்தவர் இந்த அம்மா. பெயரில் ‘சேவை’ என்று இருக்கிற பணம், அதிகச் சேவை செய்தவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

இந்தப் பணத்தைப் பற்றி நம் நாட்டில் நீண்ட வழக்கே நடந்திருக்கிறது. 2013 சனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக நடப்புக்கு வந்தபோது (தீபகற்பத்தில் 900 வெள்ளி) சில விடுதிகள், தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுத்துவந்த சேவைக் கட்டணத்தையே எடுத்துச் சம்பளத்தில் சேர்த்து, ‘இதோ குறைந்தபட்சச் சம்பளம்’ என்று காட்டின. தொழிற்சங்கம் விடவில்லை. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது தொழிலாளிகளின் பணம், முதலாளியின் பணமன்று என்பதே சங்கத்தின் வாதம். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பின் கதவு, விடுதியின் சொந்தத் தொழிலாளிக்குத்தான் திறக்கிறது. அதே மாடியில் அதே சீருடையில் தள்ளுவண்டி தள்ளுகிற குத்தகைத் தொழிலாளி கதவுக்கு வெளியே நிற்கிறார்.

குத்தகைமுறை விடுதிகளில் மட்டுமா? நம் பள்ளிகளையும் பாருங்கள். வகுப்பறைகளைத் துப்புரவு செய்கிறவர்கள், வாயிற்காவலர்கள் எல்லாரும் குத்தகை நிறுவனத்தின் ஆட்களே. குத்தகை கைமாறினால் அவர்கள் நிலையும் கைமாறும். நாம்தான் அவர்களை “அக்கா”, “அண்ணன்” என்று அழைத்துக்கொண்டு, அவர்கள் சம்பளச் சீட்டைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முகப்பிடத்தில் மேற்பார்வையாளரைக் கேட்டேன். இளைஞர், மிகவும் பணிவானவர். நேற்றுக் கொடுத்த தாளைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கணினியில் பதிந்தாகிவிட்டது என்றார். அப்படியானால் இன்னொரு தாள் தாருங்கள் என்று வாங்கி, நாற்றத்துக்குக் காரணம் புகைபிடித்தவரிடம் அபராதம் கேட்காத நிருவாகம் என்றும், துண்டுக்குக் காரணம் சலவை நிறுவனம் என்றும், அறையைத் துப்புரவு செய்தவர்மேல் எனக்குக் குறையில்லை என்றும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிக் கையொப்பமிட்டேன். (தலைமுடியைப் பற்றி எழுதவில்லை. அது பொய்யா என்று தெரியவில்லை.) தூய்மைக் கட்டத்தில் ஐந்து போட்டேன். “இதையும் பதிவீர்களா?” என்று கேட்டேன். புன்னகைத்தார். கழிவுச் சீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த அம்மாவின் நூறு வெள்ளி என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. மேலே திரும்பிப் போய் ஐம்பது வெள்ளியைக் கையில் திணிக்கலாமா என்று மின்தூக்கியின் முன் சற்று நேரம் நின்றேன். அறைக்கதவைத் திறக்கும் அட்டையை முன்பே ஒப்படைத்துவிட்டேன். அஃது இல்லாமல் ஏழாவது மாடிக்கு மின்தூக்கி போகாது. பயிலரங்குக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நவம்பரில் மீண்டும் ஒரு பயிலரங்கு இருக்கிறது. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், “உங்களிடம்தான் கழிவுச் சீட்டு இருக்கிறதே சார், அங்கேயே எனக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்” என்கிறார். சீட்டு திசம்பர் 31 வரை செல்லும். இருபது விழுக்காடு என்றால் ஓர் இரவுக்கு 33 வெள்ளி 60 காசு.