நூறு நாள் வேலையின் வரவும் செலவும்

ஏழைக்கு அரசு பணமாகக் கொடுப்பதா, வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுப்பதா என்ற விவாதம் பழையது. நம் நாட்டில் அதற்குக் கிடைத்த பெரிய விடை, 2005-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம். 2006 பிப்ரவரி 2-ம் தேதி, அப்போது ஒன்றாக இருந்த ஆந்திர மாநிலத்தில், அனந்தப்பூர் மாவட்டத்துப் பண்டலபள்ளி கிராமத்தில் அதைத் தொடங்கி வைத்தார்கள். 2025 டிசம்பரில் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியுள்ளது. கணக்குப் பார்க்க இதுவே சமயம்.

முதலில் செலவு. பொய்ப் பெயர் எழுதிக் கூலி எடுப்பதும், ஒரு மழையில் கரைந்துபோகும் கரைகளைப் போடுவதும் நடந்ததை யாரும் மறுக்க முடியாது. நாற்று நடவும் களையெடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்று சிறு விவசாயி சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

இனி வரவு. வேலை கேட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லையேல் படி தர வேண்டும் என்றது 2005 சட்டம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். கொரோனா ஆண்டான 2020-21-ல் நகரங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியவர்களுக்கும் இதுவே கைகொடுத்தது. அந்த ஓராண்டில் நாடு முழுவதும் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது.

இன்னொரு வரவு எளிதில் கண்ணுக்குத் தெரியாதது. ஆந்திரத்தில் இத்திட்டத்தின் கூலியை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுக்கத் தொடங்கியபோது, பொருளாதார அறிஞர்கள் 157 மண்டலங்களில் ஆராய்ந்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, கசிவு குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் வருமானமும் உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும் பங்கு வெளி வேலைகளின் கூலி ஏறியதால் வந்தது. கூலி ஏறியும் வெளியே வேலை குறையவில்லை. ஊரில் ஒரு வேலை உறுதியாக இருந்தால், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை கூலிக்காரனுக்கு இல்லை. ஹைதராபாத்தில் விடியற்காலையில் அட்டாவில் நின்று மேஸ்திரியிடம் கூலி பேசும் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஊரில் பிழைப்பு இருந்தால் இங்கே பேரமும் பலக்கும்.

ஆனால் இவ்வளவு பயனும் கூலி உரிய நாளில் கைக்கு வந்தால்தான். 2025-26-க்குத் தெலங்கானாவில் அறிவித்த நாட்கூலி 307 ரூபாய். ஆறு நாளுக்கு 1,842 ரூபாய். பழைய சட்டப்படி இது தாமதமானால் 16-ம் நாளிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து காசு ஈடு, அதாவது ஏறத்தாழ 92 காசு! வட்டிக்கடைக்காரரிடம் இந்தக் கணக்கு செல்லுமா?

அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம், உதவி வேண்டுமானால் வேலைக்குப் போ என்றது. மத்திய அரசின் உதவிக்கு வாழ்நாளில் ஐந்தாண்டு வரம்பும் வைத்தது. உதவி பெறுவோர் தொகை பாதிக்கும் கீழே போயிற்று. பல தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். வேலையும் இன்றி உதவியும் இன்றி நின்றவர்களும் உண்டு. அங்கே வேலை ஏழையின் மேல் விழுந்த கடமை. நம் சட்டத்தில் அது அரசின் கடமை. இந்த வேறுபாட்டை நாம் இழந்துவிடக் கூடாது.

புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்குகிறது. வாரக் கூலி என்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது ஏற்க வேண்டும். மத்திய அரசு நிர்ணயிக்கும் தொகைக்கு மேல் போனால் முழுச் சுமையும் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வேண்டும். நிலம் உள்ளவருக்கு இது உதவலாம். அந்தப் பருவத்தில் யாரும் கூப்பிடாத கிழவிக்கும் கைம்பெண்ணுக்கும் என்ன வழி? பணம் இல்லை என்று மாநிலம் கையை விரித்தால் 125 நாள் காகிதத்தில்தான் நிற்கும். பழைய சட்டத்திலேயே ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறக்குறைய 50 நாள்தானே!

மகாராஷ்டிரத்தில் 1970-களில் இதே போன்ற வேலைத் திட்டத்துக்காக மாதச் சம்பளக்காரர்களிடம் தொழில் வரி வாங்கினார்கள். பட்டணத்தான் கொடுத்தான், பட்டிக்காட்டான் குளம் வெட்டினான். இங்கே 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவிடம் மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 2,400. கிராமத்துத் தாயின் எட்டு நாள் கூலிகூட ஆகாது. நம் வரிப்பணம் வீணாகிறது என்று ஆபீசில் பேசுவோர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே கேட்ட பதினைந்து நாளில் வேலை, வாரக் கடைசியில் கூலி, ஊர் நடுவே கணக்கைப் படித்துக் காட்டும் சமூகத் தணிக்கை ஆகிய மூன்றையும் எந்தச் சட்டத்தின் கீழும் மாநில அரசுகள் விட்டுக்கொடுக்கலாகாது. வாசகர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டாரின் வேலை அட்டையை வாங்கிப் பாருங்கள். வேலை செய்த நாளும் வங்கியில் ஏறிய பணமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.