பழிவாங்கலாமா என்று யாரைக் கேட்பது?

‘டாக்ஸி டிரைவர்’ கொரியத் தொடரின் மூன்று சீசனையும் முடித்துவிட்ட நண்பர்கள், இதே மாதிரி வேறென்ன பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். கொரியாவில் பழிவாங்கும் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் நல்லதைப் பொறுக்கி எடுக்க நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்ததும் ‘டாக்ஸி டிரைவர்’தான்.

2021-ல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்த முதல் சீசனை நினைத்துப் பாருங்கள். மீனை உப்பில் ஊறவைக்கும் ஆலையில் அடிமைபோல் வதைபட்ட பெண் உதவி கேட்டு வருகிறாள். பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பழிவாங்கும் ரெயின்போ டாக்ஸிக்காரர்கள் உடனே அடிக்கக் கிளம்பிவிடுவதில்லை. ஒரு பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் முன் அவளை நிறுத்துகிறார்கள். பழிவாங்க ஒரு பொத்தான், வேண்டாம் என்றால் இன்னொன்று. எதை அழுத்துவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். இதுதான் என் அளவுகோல். அந்த ஒரு காட்சிக்காகவே நாயகன் லீ ஜே-ஹூன் போடும் ஒவ்வொரு சண்டையையும் நான் மனதார ஏற்றுக்கொண்டேன்.

அநியாயக்காரன் அடிபடும் காட்சியைக் கொரிய ரசிகர்கள் ‘சைடா’ என்பார்கள். அங்கே அது ஒரு சோடா பானம். நெஞ்சை அடைத்தபடி நகராத கதைக்குப் பெயர் ‘கோகுமா’, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இந்தத் தாகத்துக்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் ஆன்சான் நகரில் எட்டு வயதுச் சிறுமியைச் சிதைத்தவனுக்கு, குடிபோதையில் இருந்தான் என்று தண்டனையைக் குறைத்து, 12 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2020 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. சில மாதங்களில் ஒளிபரப்பான ‘டாக்ஸி டிரைவர்’ அப்படியொரு விடுதலையோடுதான் தொடங்கியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ‘தி குளோரி’. கிம் யூன்-சூக் எழுத்தில் 2022 கடைசியிலும் 2023 மார்ச்சிலுமாக நெட்ஃபிளிக்ஸில் வந்த 16 பகுதிகள். முடி சுருட்டும் கருவியால் சக மாணவர்கள் சுட்ட தழும்புகளோடு வளரும் மூன் டோங்-யூனாக சோங் ஹே-கியோ. ஆசிரியர் அடித்தார், பெற்ற தாயே பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கேட்பாரில்லாத அந்தப் பெண் படித்து, ‘பாதுக்’ என்னும் காய் விளையாட்டைக் கற்று, தன்னை வதைத்தவளின் மகளுக்கே ஆசிரியையாகப் போய் நிற்கிறாள். இங்கே பொத்தானும் அவளுடையது, அழுத்தும் விரலும் அவளுடையது. கணவனிடம் அடிபட்டும் சிரிப்பை இழக்காத கூட்டாளியாக யோம் ஹே-ரான் வரும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது ‘விஜிலாண்டே’ (2023, டிஸ்னி பிளஸ், 8 பகுதிகள்). பகலில் போலீஸ் பல்கலைக்கழக மாணவன், வார இறுதியில் வேட்டைக்காரன். அவனுக்குப் பெயர் சூட்டிப் புகழ் சேர்ப்பவர் ஒரு செய்தியாளர். கைதட்டல் கூடக் கூட, பாதிக்கப்பட்டவர்கள் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஆபத்தைக் காட்டுவதால்தான் பரிந்துரைக்கிறேன்.

இவற்றுக்கு மறுபக்கமாக ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ (2022) கட்டாயம் பாருங்கள். இளம் குற்றவாளிகளை வெறுக்கிறேன் என்று சொல்லும் நீதிபதியாக கிம் ஹே-சூ. சட்டத்துக்குள் நின்று நீதி வழங்குவது எவ்வளவு கடினம் என்று பத்துப் பகுதிகளில் புரியும்.

திரைக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004-ல் மிர்யாங் நகரில் ஒரு சிறுமியை 40-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கூட்டாகச் சீரழித்த வழக்கில் ஒருவருக்குக்கூடக் குற்றத் தண்டனை கிடைக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2024-ல் யூடியூபர்கள் சிலர் அவர்களின் பெயரையும் முகத்தையும் வெளியிட்டார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். வழக்கில் தொடர்பே இல்லாத ஒரு கடைக்காரப் பெண் வசைமழையில் நனைந்தார். பாதிக்கப்பட்டவர் தரப்போ, எங்கள் சம்மதம் இல்லாமல் இது நடந்தது என்றது. இரண்டு பொத்தான்களை அவர் முன் யாரும் வைக்கவில்லை.

இந்தத் தொடர்களைப் பாருங்கள், கோபப்படுங்கள். அந்தக் கோபத்தோடு ஒரு முகத்தை நாலு பேருக்கு அனுப்பக் கை போகும்போது மட்டும் நின்று கேளுங்கள்: காயம்பட்டவர் இதைக் கேட்டாரா?