ஓடைக்கும் உண்டு உரிமை

கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்கு வரும் நான்கு ஓடைகளின் நீரைத் திருப்பிக்கொள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு 1940-ல் உரிமம் கிடைத்தது. முதலில் எடுத்தவருக்கே முன்னுரிமை என்ற அமெரிக்க மேற்குப் பகுதியின் நீர்ச் சட்டம், ஓடையில் விட்டுவைத்த நீருக்கு எந்த உரிமையும் தரவில்லை. ஓடைகள் வறண்டன. ஏரி சுமார் 45 அடி தாழ்ந்தது. ஏரியிலிருந்த நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, கொயோட்டிகள் நடந்தே சென்று கடற்காகங்களின் கூடுகளைச் சூறையாடின. பொதுச்சொத்தைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு, அதற்காகப் பழைய நீருரிமையையும் மறுஆய்வு செய்யலாம் என்று 1983-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-ல் மாநில நீர்வள வாரியத்தால் ஓடைகளுக்குக் குறைந்தபட்ச நீரோட்டமும், ஏரிக்குக் கடல்மட்டத்துக்கு மேல் 6,392 அடி மட்டமும் நிர்ணயிக்கப்பட்டன.

பழைய உரிமையில் கைவைத்தால் முதலீட்டுக்குப் பாதுகாப்பு ஏது, நகரத்தின் தாகம் என்னாவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் நீருரிமை என்பது பயன்படுத்தும் உரிமையே. ஆறு எவருக்கும் கிரயமாகிவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸும் தவித்துப்போகவில்லை: மக்கள்தொகை பெருகியும் அதன் மொத்த நீர்ப் பயன்பாடு 1980-களைவிடக் குறைந்திருக்கிறது. ஏரியோ 1994-ல் நிர்ணயித்த மட்டத்தை இன்னும் எட்டவில்லை. தீர்ப்பு மட்டும் போதாது. இலக்கு எட்டப்படும்வரை நகரம் எடுக்கும் அளவை வாரியம் மேலும் குறைக்க வேண்டும்.