கிழமைக்கொரு சோதனை எதற்கு?

கோமாரியில் நெல்மூடை தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறவரிடம் "ஆகக்கூடியது எத்தனை கிலோ தூக்குவீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார். அறுபது கிலோவைத் தாண்டும் மூடைகளைப் பொழுது சாயும்வரை தூக்குகிறவருக்கு, நாரி பிடிக்காமல் நாளைக்கும் களத்துக்கு வருவதுதான் கணக்கு.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜிம்முக்குப் போகும் பொடியன்கள் பலருக்கோ ஒவ்வொரு கிழமையும் பரீட்சைதான். பெஞ்சில் படுத்தவனுக்குக் கை நடுங்கும், இடுப்பு பெஞ்சை விட்டு எழும்பும். சுற்றி நிற்பவர்கள் "இன்னும் ரெண்டரை போடு மச்சான்" என்பார்கள்.

உச்ச எடையைச் சோதிப்பது தேவையான காரியம். அது தெரிந்தால்தான் அதில் எழுபது, எண்பது வீதம் என்று அன்றாடப் பயிற்சியை வகுக்க முடியும். ஆனால் பலம் கூடுவது அந்த அன்றாடப் பயிற்சியில். சோதனை அதை அளந்து மட்டுமே காட்டும். புதிதாகத் தொடங்கியவரின் தூக்கு முதல் சில கிழமைகளில் மளமளவென்று ஏறுவதற்குப் பெரும்பங்கு காரணம், நரம்புகள் வேலையைப் பழகிக்கொள்வதே. தசைநார்கள் உறுதிப்பட இன்னும் காலம் எடுக்கும். அந்த இடைவெளியில் உச்ச எடையை ஏற்றிப் பார்ப்பதுதான் ஆபத்து.

பழகியவர்களையும் அது விடுவதில்லை. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில், பளுதூக்கல் ஆண்கள் 55 கிலோ பிரிவில் இலங்கையின் டிலங்க இசுறு குமார மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். அதே போட்டியில் முன்னணியில் நின்ற இந்தியர் சங்கேத் சர்கார், 139 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றும்போது முழங்கையில் காயப்பட்டார். ஒரேயொரு கிலோ வித்தியாசத்தில் தங்கம் மலேசியாவுக்குப் போனது. அது பதக்க மேடை, துணியத்தான் வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் பெஞ்சில் படுத்திருப்பவருக்கு அந்தத் துணிச்சல் எதற்கு?

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போதும். தொடங்கி ஆறு மாதமாகாதவருக்கு அதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் நிற்க வேண்டும்; முந்திய இரண்டு நாள் ஓய்வு வேண்டும். நோன்பு மாதத்திலும், பெருநாள் முடிந்த கையோடும் சோதிக்க நினைப்பவர்கள் தண்ணீரும் தூக்கமும் குறைந்த உடம்பை நினைத்துப் பார்க்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மூச்சை அடக்கித் தூக்கும் கணத்தில் அழுத்தம் எகிறிவிடும்.

எடையை உச்சத்துக்கு ஏற்றாமலே கணக்குப் போடவும் வழி உண்டு. 80 கிலோவை ஒழுங்காக ஐந்து தரம் தூக்க முடிந்தால், ஐந்தை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 80 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 93 கிலோ. அண்ணளவான கணக்குத்தான், பயிற்சியை வகுக்க அது தாராளம்.

பளுதூக்கும் வீரர் வேலூர் சதீஷ் சிவலிங்கத்தை இந்த ஜிம் பொடியன்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்று தொடைத் தசையில் காயப்பட்டவர். முழுதாகக் குணமாகாமலே 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுக்குப் போய், 77 கிலோ பிரிவில் 144, 173 என்று மொத்தம் 317 தூக்கித் தங்கம் வென்றார். ஒரு தூக்கு மிச்சம் இருந்தது. வெற்றி உறுதியாகிவிட்டதால் அதை அவர் விட்டுவிட்டார்.