பஞ்சம் வெட்டிய கால்வாய்

ஆண்டிறுதி விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தபோது, மயிலாப்பூரில் ஒரு பாலத்தின்மீது நின்று கீழே தேங்கிக் கிடந்த கருநிற நீரைப் படமெடுத்தேன். உடன் வந்த உறவுக்காரத் தம்பி, "இந்தச் சாக்கடையைப் போய் எதற்கண்ணா எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் அப்படத்தைக் காட்டினேன். "பெரிய லோங்காங், ஐயா!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கியது. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை, கடலை ஒட்டியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. நெல், உப்பு, விறகு எல்லாம் தோணிகளில் சென்னைக்கு வந்து இறங்கின.

இடையில் ஒரு துண்டு மட்டும் விடுபட்டிருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர். அதை வெட்டியவர்கள் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடி வந்த மக்கள். தென்னாட்டிலும் தக்காணத்திலும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பஞ்சம் அது. பஞ்ச நிவாரணப் பணிகளில் ஓர் ஆணுக்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு அது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

இக்கால்வாய்க்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். அதே பஞ்சக் காலத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பலர் வந்து சேர்ந்தனர். பசி ஒன்றுதான். ஒருவன் மண்வெட்டியைப் பிடித்தான். இன்னொருவன் கப்பலில் ஏறினான். நம் பிள்ளைகளுக்குச் சோழர் கடாரம் கொண்டதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். நன்று! ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

பாவேந்தர் கூச்சப்படவில்லை. இதே கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். இயற்கை எழிலில் தொடங்கும் அப்பாட்டு, கரையில் நடந்தபடி கயிற்றைத் தோளில் போட்டுத் தோணியை இழுக்கும் மனிதனிடம் வந்து கலங்கி நிற்கிறது.

1965, 66ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் இரயிலும் தோணிகளின் பிழைப்பைப் பறித்தன. பின்னர் சென்னையின் பறக்கும் இரயில் வந்தது. கால்வாயின் நடுவிலேயே தூண்கள், அதன்மேலேயே நிலையங்கள்! இரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அதில்தான் பயணம் செய்தேன். ஆயினும் கால்வாயை மீட்கப்போவதாகப் பேச்செழும்போதெல்லாம் முதலில் ஆக்கிரமிப்பாளர் எனப்படுவோர் கரையோரக் குடிசைவாசிகளே. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய நம்மவருக்கு இந்த நியாயம் புதிதன்று.

2004இல் ஆழிப்பேரலை வந்தபோது சென்னைக்கு வடக்கே இக்கால்வாய் கடல்நீரைத் தன்னுள் வாங்கி அதன் வேகத்தைத் தணித்தது. 2008இல் தேசிய நீர்வழி எண் 4இன் ஒரு பகுதியாகவும் அறிவித்தார்கள். கரையில் பூங்கா அமைத்து விளக்குப் போடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க இயலாது. கழிவுநீரை நிறுத்தித் தூர்வாரி நீரை ஓடவிட வேண்டும். வெட்டியவர் யாரென்று ஒரு கல்லிலாவது எழுதி வைக்க வேண்டும்.

படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வரும் வாரம் மாவலிபுரச் செலவை நடத்தப் போகிறேன். பெற்றோர்களே, பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து எப்போது கப்பலேறினார்கள் என்று பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்பார்கள். தெரிந்தவரை சொல்லி அனுப்புங்கள். என் பாட்டி இருந்தபோது நான் கேட்கவில்லை.